ஏணி தருமமன்று

மனிதருக்கு மனிதர் முகம் வேறுபடுவதுபோல மூளையின் போக்கும் வேறுபடுகின்றது என்பதைப் பகுத்தறிவுள்ள எவரும் மறுக்கமாட்டார். ஆயினும், முக வேற்றுமையைப் பொறுத்துக்கொள்ளும் உலகம், மூளைப் போக்கில் வேற்றுமை கண்டதும் 'கிறுக்கு' என்றும் 'மந்தம்' என்றும் 'திமிர்' என்றும் பெயரிட்டு ஒதுக்கிவிடுகின்றது. அத்தகையோரைத் தொழிலிடங்களில் எவ்வாறு நடத்தவேண்டும்? அது இரக்கத்தைச் சேர்ந்த விஷயமா, நியாயத்தைச் சேர்ந்த விஷயமா? இதுவே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த பொருள்.

யாரைப்பற்றிப் பேசுகின்றோம் என்பதை முதலில் தெளிவுபடுத்துவோம். மருத்துவர் 'ஆட்டிசம்' என்று கூறும் இயல்புடையோரிற் பலர் பிறருடைய முகக்குறிப்பை எளிதில் உணரார். இரைச்சலும் திடீர் மாற்றமும் அவர்களை வாட்டும். 'டிஸ்லெக்சியா' உடையோருக்கு அறிவு குறைவன்று. எழுத்துத்தான் எளிதில் வசப்படுவதில்லை. வேறு சிலருக்குக் கவனம் ஓரிடத்தில் நில்லாது. இவை மூளை அமைப்பின் வேறுபாடுகளேயன்றி, முற்பிறப்பின் பாவமுமல்ல, பேயின் சேஷ்டையுமல்ல, தாய் வளர்த்த குற்றமுமல்ல. லியோ கானர் என்னும் வைத்தியர் ஆட்டிசத்தை விவரித்து எழுதியது 1943-இல். எண்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் நம்மவரிடையே தாயத்துத் தேடுவோர் இன்னும் உளர்!

பேராக் மாநிலத்தில் நம் முன்னோர் வாழ்ந்த ரப்பர்த் தோட்டங்களிற் பல இன்று செம்பனைக் காடுகளாகவும் வீட்டு மனைகளாகவும் மாறிவிட்டன. லயங்களிலிருந்த குடும்பங்கள் ஈப்போவுக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் தைப்பிங்குக்கும் பெயர்ந்தன. லயத்தில் பேசாத பிள்ளையை எல்லோரும் அறிவர். கேலிப் பெயர் வைத்தாலும், புல் வெட்டவோ மாடு மேய்க்கவோ அவனுக்கு ஒரு வேலை கிடைத்தது. அந்தக் கேலியை நாம் மெச்சவில்லை. ஆயினும் பட்டணத்தில் நிலைமை வேறு. அங்கே ஒருவரும் அவனை அறியார். வேலைக்கு முன் நேர்முகப் பரீட்சை. அதிலே கண்ணைப் பார்த்துப் பேசவில்லையென்றால் தொழில் தெரிந்தும் பயனில்லை. பெட்டி அடுக்கும் வேலைக்குக் கண்ணைப் பார்த்துப் பேசுவது எதற்கு என்று கேட்பாரில்லை.

தோட்டத்துக் கிராணி வேலையில் நாம் கண்டது ஒன்றுண்டு. சாமான் கிடங்கில் ஓர் இளைஞன். மண்டோர் ஒரே மூச்சில் ஐந்து உத்தரவுகளைக் கூவினால் திகைத்து நின்றுவிடுவான். 'சோம்பேறி' என்று பெயரெடுத்தான். அதே ஐந்தையும் ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்தபின், உரமூட்டைக் கணக்கில் அவனிடம் பிழை காண்பது அரிதாயிற்று. புதிய ஆட்கள் வந்தால் இன்றும் கலங்குவான், அது மாறவில்லை. மாறவேண்டுமென்ற அவசியமும் இல்லை. செலவானது ஒரு தாள்.

"ஒருவனுக்குச் சலுகை கொடுத்தால் எல்லோரும் கேட்பார்களே, எல்லோருக்கும் ஒரே விதி என்பதல்லவா நியாயம்?" என்பர் மேலாளர். பால்வெட்டு அறிந்தவர் இதற்கு விடை அறிவர். மரத்தின் கீழ்ப்பட்டை தீர்ந்தபின் வெட்டு மேலே ஏறும். அப்பொழுது தோட்டம் ஏணியையோ நீண்ட பிடியுள்ள உளியையோ கொடுத்தது. கைக்கெட்டாத வெட்டுக்கு ஏணி கேட்டவனை யாரேனும் பிச்சைக்காரன் என்றதுண்டா? குறை ஆளிலும் இல்லை, மரத்திலும் இல்லை. இரண்டுக்கும் நடுவே இருந்த தூரத்தில் இருந்தது. எழுதிக் கொடுத்த உத்தரவும், சந்தடியில்லாத ஓர் இருக்கையும், நாளைய மாற்றத்தை இன்றே அறிவிப்பதும் இத்தகைய ஏணிகளே.

வேறொரு கிராணியின் வரலாற்றையும் நோக்குவோம். கணிதத்திலேயே மூழ்கி மற்றப் பாடங்களைக் கைவிட்டதால் கல்லூரிப் பரீட்சைகளில் தோற்ற இராமாநுஜன், 1912-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் சென்னைத் துறைமுகக் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் அமர்ந்தார். மேலதிகாரி நாராயண ஐயரும் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் அவரை ஆதரித்தனர். 1913-இல் சென்னைச் சர்வகலாசாலை 75 ரூபாய் உதவிச் சம்பளம் அளித்தபோது, காரியாலயம் அவருக்கு விடுமுறை தந்தது. அவருக்கு எந்த நோய்ப்பெயரும் சூட்ட நாம் துணியோம். இறந்தவரைப் பரிசோதிக்க இயலாது. நம் கேள்வி வேறு. அவர் மேதையாக இல்லாமல், அதே போக்குடைய சாதாரணக் கிராணியாக இருந்திருப்பின் அவருக்கு இடம் கிடைத்திருக்குமா? மேதைக்கு மட்டும் இடங்கொடுப்பது இலாபக் கணக்கு. சாதாரண மனிதனுக்கும் இடங்கொடுப்பதே நியாயம்.

நிற்க. ஏணி சுமக்கும் பாரம் யாருடையது? ஒருவனுக்கு இலேசான வேலை கொடுத்து, மிச்சத்தைச் சக தொழிலாளியின் முதுகில் ஏற்றுவது நியாயமன்று. அது பகைமையையே வளர்க்கும். ஏற்பாட்டின் பொறுப்பு நிர்வாகத்தினுடையது. எல்லா வேலையும் எல்லோருக்கும் பொருந்தும் என்றும் நாம் சொல்லவில்லை. வள்ளுவர் 'தெரிந்து வினையாடல்' என ஓர் அதிகாரமே வகுத்ததை நாம் பரீட்சைக்கு மட்டும் படித்துவிட்டோம்.

இந்நாட்டின் 2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம், மற்றவரோடு சமமாக வேலை பெறும் உரிமையைக் கூறுகின்றது. தொழிலிடத்தில் நியாயமான வசதி செய்து தரவேண்டுமென்னும் ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையையும் 2010-இல் மலேசியா ஏற்றது. ஆயின், உரிமையை மீறும் முதலாளியைத் தண்டிக்கும் பிரிவு அச்சட்டம் இயற்றப்பட்டபோது அதில் இடம்பெறவில்லை. பல்லில்லாத சட்டத்துக்கு மக்களின் மனச்சாட்சிதான் பல்லாக வேண்டும்.

ஆதலின் அன்பர்களே, கடை வைத்திருப்போரும், மேற்பார்வை செய்வோரும், சங்கம் நடத்துவோரும் மூன்று காரியம் செய்யலாம். வாய்ப்பேச்சால் அளவாமல், வேலையைச் செய்யச் சொல்லிப் பார்த்து ஆளைத் தேருங்கள். "உனக்கு எது இடைஞ்சல்?" என்று தனியே கேளுங்கள், பலர் முன் அவன் குறையைப் பறைசாற்ற வேண்டாம். கேட்டதைக் கொடுத்தபின் நன்றியை எதிர்பாராதீர்கள். ஏணிக்காக எந்தப் பால்வெட்டுத் தொழிலாளியும் துரையின் காலில் விழுந்ததில்லை. பெற்றோர்க்கும் ஒரு சொல்: பிள்ளையை வீட்டுக்குள் மறைப்பதால் குடும்ப மானம் காப்பாற்றப்படுவதில்லை, அவன் கைக்கு வரவேண்டிய கூலியே மறைந்துபோகின்றது.