நீதியின் பக்கத்தில் அரைமணித்தியாலம்

நான் வேலைசெய்யும் சாப்பாட்டுக்கடை ரோக்கியோவின் மேற்குப் பக்கத்தில், ரெயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் இருக்கிறது. வாசலில் 'இந்தியக் கறி' என்று எழுதியிருக்கும். முதலாளி நேபாளி. கறி காய்ச்சுவது வன்னியிலிருந்து வந்த நான். யப்பானில் இப்படிக் கடைகள் ஏராளம். இதில் ஆரும் ஆரையும் ஏமாற்றுவதாக நினைப்பதில்லை.

சென்ற வருடம் மாசி மாதம், கடை பூட்டியிருக்கும் திங்கட்கிழமை ஒன்றில், முப்பது பேர் சேர்ந்து கடையை ஒரு பின்னேரத்துக்கு வாடகைக்கு எடுத்தார்கள். பழைய ரீவித் தொடர்களின் ரசிகர்கள் என்று முதலாளி சொன்னார். ஏதோ பிறந்தநாள் விருந்தாக்கும் என்று நினைத்துக்கொண்டு நான் வெங்காயம் வெட்டத் தொடங்கினேன். வந்தவர்கள் அநேகமாக ஐம்பதைக் கடந்தவர்கள். கந்தோரில் வேலை செய்பவர்கள், லொறி ஓட்டுபவர் ஒருவர், ஒரு தாதி. எல்லோரும் வந்து இருந்தபிறகு, எண்பதை நெருங்கிய ஒரு மனிதர் மெதுவாகக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். முப்பது பேரும் எழுந்து நின்றார்கள். அவர் 1970களில் யப்பானிய ரீவியில் வாரம் தவறாமல் உலகத்தைக் காப்பாற்றியவர்.

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. எனக்கு அவர் சொன்னதை மேடையில் நின்று சொல்லவில்லை. அடுப்படியில் வைத்துச் சொன்னார்.

இப்படியான சின்னச் சந்திப்புகள் இங்கே வழமை. பெரிய மண்டபம் தேவையில்லை. ஒரு தேநீர்க்கடையோ மதுச்சாலையோ போதும். வருபவர்கள் சில ஆயிரம் யென் கொடுப்பார்கள். நடிகர் படப்பிடிப்புக் கதைகள் சொல்வார். பிறகு வரிசையில் நின்று, சிகிஷி எனப்படும் சதுர மட்டையில் கையெழுத்து வாங்கி, பக்கத்தில் நின்று படம் எடுப்பார்கள். படம் எடுக்கும்போது, நாரி நோகிற அந்த வயதிலும், நடிகர் கைகளை வீசிப் பழைய உருமாற்றச் சைகையைச் செய்து காட்டுவார். 'ஹென்ஷின்' என்பது அதன் பெயர். 1971 சித்திரையில் தொடங்கிய 'கமென் ரைடர்' தொடரின் கதாநாயகன் ஃபுஜியோகா ஹிரோஷி, படப்பிடிப்பில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து கால் முறிந்தார். அவர் ஆஸ்பத்திரியில் கிடக்க, சசாகி தகேஷி இரண்டாவது ரைடராக வந்தார். அவரோடுதான் அந்தச் சைகையும் வந்தது. பிறகு அந்த நாட்டுப் பிள்ளைகள் எல்லாம் அதைச் செய்து திரிந்தார்கள்.

எங்கள் கடையைத் தெரிந்தெடுத்ததற்கும் ஒரு காரணம் இருந்தது. 1975இல் 'கோரேஞ்சர்' என்ற தொடர் தொடங்கியது. ஐந்து நிற உடுப்பில் ஐந்து வீரர்கள். அவர்களுடைய இரகசியத் தளம் ஒரு சிற்றுண்டிக் கடையின் கீழே இருக்கும். மஞ்சள் உடுப்புக்காரன் கறிச்சோற்றைக் கோப்பை கோப்பையாகத் தின்பவன். சிரிப்பும் சாப்பாடுமாய் இருக்கும் அவனில்தான் பிள்ளைகளுக்குக் கூட விருப்பம். அந்த மஞ்சள் வீரனாக நடித்த ஹத்தகெயாமா பக்கு 1978இல் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். அன்று முப்பத்தொரு கோப்பைகள் வைத்தபிறகு, இன்னொரு கோப்பை கறிச்சோறு கேட்டார்கள். அதை ஒரு வெறும் கதிரைக்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் சாப்பிடத் தொடங்கினார்கள்.

நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு நின்றபோது ஒருவர் எழும்பினார். லொறி ஓட்டுபவர். ஒரு கடதாசியை எடுத்து வாசித்தார். சின்ன வயதில் தகப்பன் குடித்துவிட்டு வந்து அடிக்கிற இரவுகளில், போர்வைக்குள் படுத்துக்கொண்டு, நீங்கள் வருவீர்கள் என்று நினைத்துக்கொள்வேன் என்றார். நீங்கள் வந்தபடியால்தான் நான் வளர்ந்தேன் என்றார். கடைசி வரியை அவரால் வாசிக்க முடியவில்லை. கிழவர் எழும்பி நின்று, நாரியை வளைத்து, நெடுநேரம் குனிந்து வணங்கினார். "நன்றாகத் தாக்குப்பிடித்தீர்கள்" என்று மட்டும் சொன்னார்.

எனக்கு இது பிடிக்கவில்லை. அவர் வரவில்லையே! அந்த வீட்டுப் பக்கமே அவர் போனதில்லை. அந்த இரவுகளில் அவர் எங்கேயோ ஒரு ஸ்ரூடியோவில் ஒப்பனையைக் கழுவிக்கொண்டு இருந்திருப்பார். செய்யாத உதவிக்கு ஒரு மனிதர் நன்றியை வாங்கிக்கொள்வது சரியா? வாங்கியது மட்டுமில்லை, அதற்குக் காசும் வாங்குகிறார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நான் மெய்யியல் படித்தது இரண்டு வருடங்கள்தான். 2013இல் நாட்டை விட்டு வந்தபோது அது பாதியில் நின்றது. படித்ததில் மறக்காத ஒன்று, கொலைகாரன் வாசலில் வந்து கேட்டாலும் பொய் சொல்லக்கூடாது என்று 1797இல் கான்ற் எழுதியது. அப்போது அது ஒரு பரீட்சைக் கேள்வி. கொலைகாரர் வாசலுக்கு வந்துபோன வீடுகளிலிருந்து வந்திருந்த நாங்கள் பின்வரிசையில் இருந்து சிரித்தோம். ஆனால் அன்றைக்கு, அந்தக் கிழவர் குனிந்து நின்றபோது, கான்ற்தான் எனக்குள் எழும்பி நின்றார்.

பிறகு என்னுடைய அப்புவை நினைத்தேன். நடிகமணி வி. வி. வைரமுத்துவின் அரிச்சந்திர மயானகாண்டத்தை அவர் எத்தனையோ தரம் விடிய விடியப் பார்த்தவர். அதைப்பற்றிக் கதைக்கும்போது குரல் தளும்பும். வைரமுத்து உண்மையிலேயே பொய் பேசாதவரா என்று அப்பு ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால் அதற்குப் பிறகு, தான் பொய் சொன்ன ஒவ்வொரு தரமும் அப்புவுக்குத் தெரிந்திருந்தது.

யப்பானில் இந்த வீரர்களை 'சேய்கி நோ மிகத்தா' என்பார்கள். நீதியின் பக்கத்தில் நிற்பவன் என்று பொருள். இந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு யோசனை இருக்கிறது. 1958இல் இங்கே ரீவியில் வந்த முதல் முகமூடி வீரர்களில் ஒருவன் 'கெக்கோ கமென்', அதாவது நிலவொளி முகமூடி. அதை எழுதியவர் கவாவுச்சி கோஹான். அந்தப் பெயரை அவர் நிலவொளிப் போதிசத்துவரிடமிருந்து எடுத்தார். அந்தப் போதிசத்துவர் மருத்துவப் புத்தரின் பக்கத்தில் நிற்கும் துணைவர். நடுவில் இருக்கும் இடம் அவருக்கு இல்லை. மனிதன் நீதியாக இருக்க முடியாது, நீதிக்குத் துணையாக நிற்கத்தான் முடியும் என்பது கவாவுச்சியின் எண்ணம். எங்கள் ஊர்க் கோயில்களில் மூலஸ்தானத்துக்கு வெளியே நிற்கும் வைரவரை நினைத்துக்கொண்டேன். எங்களுடைய காலத்தில் நாங்கள் கண்டவர்கள் எல்லோரும், சீருடையின் நிறம் எதுவாயிருந்தாலும், மூலஸ்தானத்துக்குள்ளேயே போய் இருந்துகொண்டார்கள். பக்கத்தில் நிற்க ஆருக்கும் பொறுமை இருக்கவில்லை.

விருந்து முடிந்து எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, கிழவர் அடுப்படி வாசலுக்கு வந்தார். சாப்பாட்டுக்கு நன்றி சொல்ல வந்தவர். இங்கே அது மரியாதை. என்னுடைய அரைகுறை யப்பானிய மொழியில், கேட்கக்கூடாது என்று தெரிந்துகொண்டே, கேட்டேன்: "ஐயா, அந்த மனிதருடைய நன்றியை வாங்கும்போது உங்களுக்குக் கஷ்டமாக இல்லையா?"

அவர் கோபிக்கவில்லை. கொஞ்சம் யோசித்தார். "முகமூடிக்குள்ளே இருந்து சண்டை பிடித்தது நானில்லை. அது இன்னொருவர். இப்போது உயிரோடு இல்லை. முகம் காட்டியது நான், அடி வாங்கியது அவர். இவர்களுக்கு ஒரு நன்றி இருக்கிறது, கொடுக்க ஆளில்லை. நான் வாங்கி வைத்திருக்கிறேன். எனக்குரியது என்று நினைத்திருந்தால் எப்போதோ கெட்டுப்போயிருப்பேன்."

முகமூடிக்குள் இருந்தவர்களைப்பற்றி அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். 1966இல் 'அல்ட்ராமான்' உடுப்புக்குள் இருந்தவர் ஃபுருயா சத்தோஷி என்ற உயரமான இளம் நடிகர். தொடர் முழுக்க அவருடைய முகம் தெரியாது. மூச்சு முட்டும் இறப்பர் உடுப்பு. தாங்கமுடியாமல், விலகிவிடுவது என்று முடிவெடுத்து பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தவர், அதே பஸ்ஸில் பிள்ளைகள் அல்ட்ராமானைப்பற்றி ஆசையாகக் கதைப்பதைக் கேட்டு, மனம்மாறித் திரும்பவும் அந்த உடுப்புக்குள் போனார் என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்தப் பிள்ளைகளுக்கு, பக்கத்தில் இருந்தவர் ஆர் என்று தெரியாது. யோசித்துப் பார்த்தால், அன்றைக்கு ஆர் ஆரைக் காப்பாற்றியது?

கிழவருடைய பதில் என்னை விட்டுப் போகவில்லை. அதற்குக் காரணம் கான்ற்றுமில்லை, அல்ட்ராமானுமில்லை. கொடுக்காத நன்றி ஒன்று என்னிடமும் கிடந்தது.

அன்று மேசை துடைத்துக்கொண்டிருந்தபோது அந்தத் தாதி கமென் ரைடரின் கதையை எனக்கு விளங்கப்படுத்தினார். ஷொக்கர் என்ற இயக்கம் ஒரு மாணவனைப் பிடித்துக்கொண்டு போய், அவனுடைய உடம்பை வெட்டி மாற்றித் தன் போராளியாக்குகிறது. மூளையை மாற்றுவதற்கு முன்னர் அவன் தப்பிவிடுகிறான். உடம்பு அவர்கள் செய்தது, மனம் மட்டும் அவனுடையது. அவர் இதைச் சிறுபிள்ளைக் கதையாகத்தான் சொன்னார். நான் துணியை வைத்துவிட்டு அப்படியே நின்றேன்.

2008 ஐப்பசியில், தர்மபுரத்தில் நாங்கள் இருந்த கொட்டிலுக்கு வந்து என் அண்ணாவைக் கொண்டுபோனவர்களில் ஒருவரை எனக்கு முகம் தெரியும். வீட்டுக்கு ஒருவர் என்பது அப்போதைய கணக்கு. அம்மா அவருடைய காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். அவர் காலை இழுத்துக்கொண்டு போனார். அண்ணா திரும்பி வரவில்லை. இன்றுவரை ஒரு செய்தியும் இல்லை.

2009 பங்குனியில், மாத்தளனில், அம்மாவும் தங்கச்சியும் நானும் இரவோடு இரவாகக் களப்பைக் கடக்க இறங்கினோம். போகிறவர்களைச் சுட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அணைக்கட்டில் ஒரு ரோச் லைற் எங்கள் மேல் விழுந்தது. அம்மாவின் முகத்தில் நின்றது. வெளிச்சத்துக்குப் பின்னால் நின்ற குரலை நான் அறிவேன். அதே மனிதர். லைற் அணைந்தது. "அரைமணித்தியாலத்திலை மற்றவன் வந்திடுவான். கெதியாப் போங்கோ" என்றார். திரும்பி மறுபக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். நாங்கள் கழுத்தளவு தண்ணீரில் போய்ச் சேர்ந்தோம்.

அவர் உயிரோடு இருக்கிறார். புனர்வாழ்வு முகாமிலிருந்து வந்து, கிளிநொச்சிப் பக்கம் சைக்கிள் திருத்துகிறாராம். ஆறு வருடங்களுக்கு முன்னர் அம்மாதான் எப்படியோ அவருடைய நம்பரை எடுத்து எனக்குத் தந்தார். அம்மா அவரைத் திட்டுவார். அதே மூச்சில், "அவன்ரை பிள்ளையள் நல்லா இருக்கட்டும்" என்பார். எனக்கு அது விளங்கியதில்லை. நன்றி சொன்னால் அண்ணாவை விற்றதுபோல இருக்கும் என்று நினைத்தேன். நன்றி என்றால் ஒரு மனிதனுக்கு முழுதாகக் கொடுக்கிற நற்சாட்சிப் பத்திரம் என்றுதான் இவ்வளவு நாளும் எண்ணியிருந்தேன். பத்திரம் கொடுக்க முடியாது, ஆகவே நன்றியும் இல்லை.

அந்த முப்பது பேர் எனக்குக் காட்டியது வேறொன்று. அவர்களில் ஒருவர்கூட அந்தக் கிழவர் நல்லவரா என்று விசாரிக்கவில்லை. அவருடைய குடும்பம், கடன், குடி ஒன்றும் கேட்கவில்லை. ரீவியில் ஒவ்வொரு தொடரும் அரைமணித்தியாலம். அந்த அரைமணித்தியாலம் அவர் நின்ற இடத்துக்கு நன்றி சொல்ல வந்தார்கள். மிச்ச வாழ்க்கையின் கணக்கை அது தீர்க்காது என்று அவர்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அதனால்தான் அவர் பொய்யராகவில்லை.

நன்றி வேறு, மன்னிப்பு வேறு. நாங்கள் இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டோம். அதனால் எங்களுக்கு இரண்டு வகை மனிதர்தான் மிஞ்சினார்கள், மாவீரரும் துரோகியும். நீதியின் பக்கத்தில் அரைமணித்தியாலம் நின்றுவிட்டுப் பிறகு விலகிப்போனவனுக்கு எங்கள் கதையில் இடமில்லை. ஆனால் எங்களில் பலர் உயிரோடு இருப்பது அப்படியான அரைமணித்தியாலங்களால்தான்.

சித்திரை மாதத்தில் ஒருநாள், வேலை முடிந்து இரவு 11 மணிக்கு, கடையின் பின்வாசலில் நின்றுகொண்டு அந்த நம்பரை அழுத்தினேன். அங்கே அப்போது 7.30 மணி. அம்மாவின் பெயரைச் சொன்னேன். நெடுநேரம் சத்தமில்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை.

"அண்ணையைப்பற்றிக் கேக்கப்போறீரோ?" என்றார்.

"அது இன்னொரு நாளைக்கு. இண்டைக்கு நன்றி சொல்லத்தான் எடுத்தனான்."

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு, "அம்மா சுகமோ?" என்று கேட்டார். சுகம் என்றேன். அவ்வளவுதான் கதைத்தோம்.

மற்றக் கேள்வி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அதையும் ஒருநாள் கேட்பேன்.