பார்ப்பவரும் ஆடுபவரும்

அரபு மொழியில் இணைந்தே வழங்கும் சொற்கள் இரண்டு: லஇபு, லஹ்வு. முன்னது விளையாட்டு. பின்னது, செய்யவேண்டிய காரியத்தினின்றும் மனத்தைத் திருப்பிவிடும் பராக்கு. விளையாட்டு முழுவதும் பராக்காகிவிடாது. எந்த எல்லையில் அது பராக்காகிறது என்பதே வினா.

தொலைக்காட்சிக்கு அடிமையான பெரியவரையும் வீடியோ கேமுக்கு அடிமையான இளைஞரையும் ஒரே தட்டில் நிறுத்துவது எளிது. இரண்டும் பொழுதை விழுங்குவன அன்றோ? ஆயினும் அவை மனிதனைப் பற்றும் விதம் வேறு. தொலைக்காட்சி நம்மிடம் எதையும் கேட்பதில்லை, அமர்ந்திருந்தால் போதும். ராபர்ட் கூபி, மிஹாய் சிக்சென்ட்மிஹாய் என்னும் ஆய்வாளர் இருவரும் 2002-இல் எழுதிய கட்டுரையொன்றில் இதனை விளக்கினர்: பார்க்கும்போது கிட்டும் இளைப்பாறல் பெட்டியை அணைத்ததும் அகன்றுவிடுகிறது, மந்தநிலை மட்டும் எஞ்சுகிறது. இழந்த இளைப்பாறலைத் தேடிக் கை மீண்டும் பொத்தானுக்கே செல்கிறது.

விளையாட்டோ உழைப்பைக் கேட்கிறது. திட்டமிடவும், தோற்றபின் மீண்டும் முயலவும் செய்கிறது. முயன்றவனுக்கு உடனே கூலியும் தருகிறது. வீட்டிலும் பள்ளியிலும் நெடுநாள் காத்திருந்தும் கிட்டாத பாராட்டு அங்கே நொடியில் கிட்டுகிறது. தொலைக்காட்சி மனிதனின் சோம்பலைப் பற்றுகிறது. விளையாட்டு அவனது ஊக்கத்தையே பற்றுகிறது. நற்குணத்தின் வழியே நுழையும் கேட்டைக் கண்டுகொள்வது அரிது.

உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்று, 2022 முதல் நடைமுறைக்குக் கொணர்ந்த நோய்ப் பட்டியலில் வீடியோ கேம் கோளாறு இடம்பெற்றுள்ளது. ஆட்டத்தைக் கட்டுப்படுத்த இயலாமை, பிற அலுவல்களினும் அதனையே முதன்மையாகக் கொள்ளுதல், கேடு கண்டும் தொடர்தல் ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். இவை பொதுவாக ஓராண்டேனும் நீடித்து, வாழ்வைப் பாதித்திருக்க வேண்டும். நெடுநேரம் ஆடுவது மட்டுமே நோயாகிவிடாது. தொலைக்காட்சிக்கென அப்பட்டியலில் தனிப்பெயர் இல்லை.

பெயரில்லாமை குற்றமின்மைக்குச் சான்றாகுமா? மாலைதோறும் தொடர்நாடகங்களின் முன் அமரும் பெரியவர்களாகிய நாம், அம்மூன்று உரைகற்களிலும் நம்மை உரைத்துப் பார்த்ததுண்டா? தம் கையிலுள்ள ரிமோட்டை வைக்காமலே மகனின் கைப்பேசியைப் பறிக்கும் தந்தையின் சொல் எங்ஙனம் மகனின் மனத்தில் தைக்கும்?

நீதி இருவர்க்கும் ஒன்றே. எனினும் மருந்து வேறு. பார்ப்பவர் எழுந்து நடக்கவேண்டும். ஆடுபவனிடமோ உழைப்பு ஏற்கெனவே உண்டு. அது விளையும் நிலந்தான் இல்லை. திரையை அணை என்பது பாதி அறிவுரை. அணைத்தபின் அவன் ஊக்கத்துக்கு நம் வீட்டிலும் ஊரிலும் என்ன வேலை வைத்திருக்கிறோம் என்பதற்கு விடை சொல்வதே மறுபாதி. அப்பாதி நம் பொறுப்பு.