ஆளில்லாத வீட்டின் உரிமை

கைவிடப்பட்ட வீட்டுக்கு இருவர் உரிமை கோர முடியும். ஒருவரிடம் பத்திரம் இருக்கிறது. மற்றவரிடம் உழைப்பு இருக்கிறது. ஓடு சரிந்து, மழைநீர் இறங்கி, சுவர் வெடிப்பில் அரசங்கன்று வேர்விட்ட வீட்டுக்குள் ஒருவர் குடியேறுகிறார். கன்றைப் பிடுங்கி, ஓடு மாற்றி, வீட்டு வரி கட்டி, அங்கேயே பிள்ளைகளை வளர்க்கிறார். பல ஆண்டுகள் கழித்துப் பத்திரத்தோடு ஒருவர் வந்து நின்றால் வீடு யாருக்குச் சேர வேண்டும்? உரிமை என்பது எழுத்தில் இருக்கிறதா, அனுபவத்தில் இருக்கிறதா? கண்டுகொள்ளாமல் விட்டதால் உரிமை அழியுமா? சமய நூல்களும் மெய்யியலாளர்களும் சட்டம் இயற்றியவர்களும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இந்தக் கேள்விக்கு விடை தேடி வருகிறார்கள்.

முதலில் ‘கைவிடப்பட்டது’ என்ற சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டும். உரிமையாளர் இறந்து வாரிசும் இல்லாத வீடு ஒரு வகை. உரிமையாளரே வேண்டாமென்று துறந்த வீடு இன்னொரு வகை. உரிமையாளர் இருந்தும் வர இயலாத வீடு மூன்றாவது. நோய், வறுமை, சிறுவயது, பங்காளிச் சண்டை, போர் என எதுவும் அவரைத் தடுத்திருக்கலாம். தெருவிலிருந்து பார்ப்பவருக்கு மூன்றும் ஒன்றுபோலவே தெரியும்: அதே பூட்டு, அதே சருகு. அறத்தின் கணக்கில் மூன்றும் வெவ்வேறு. அதனால்தான் உரிமை கோருவதற்கு முன் உரியவரைத் தேடுவது அறத்தின் முதல் படியாகிறது.

தர்மசாஸ்திரங்கள் அனுபவத்துக்கு இடம் கொடுத்தன, எல்லையும் வகுத்தன. உரிமையாளர் கண்ணெதிரே பிறர் ஒரு பொருளை அனுபவிக்க, அவர் பத்தாண்டுகள் வாய் திறக்காமல் இருந்தால் அதைத் திரும்பப் பெற முடியாது என்கிறது மனு நூல். யாக்ஞவல்கியர் நிலத்துக்கு 20 ஆண்டு, பிற பொருளுக்கு 10 ஆண்டு என்று பிரித்தார். கண்ணெதிரே என்பதுதான் இந்த விதிகளின் உயிர். பார்த்தும் தடுக்காதவரின் மௌனம்தான் சம்மதமாகக் கொள்ளப்பட்டது. சிறுவர் சொத்து, எல்லை நிலம், நம்பி ஒப்படைத்த பொருள் ஆகியவை எத்தனை காலம் பிறர் கையில் இருந்தாலும் கைமாறுவதில்லை. யாக்ஞவல்கியரின் நூலுக்கு மிதாக்ஷரா என்ற உரையை எழுதிய விஞ்ஞானேசுவரர் இன்னும் ஓரடி எடுத்து வைத்தார். நீண்ட அனுபவத்தால் பழைய உரிமையாளர் இழப்பது அந்தக் காலத்து விளைச்சலையும் வருவாயையும் மட்டுமே, நிலத்தை அல்ல என்பது அவர் கொண்ட பொருள். காலம் கடந்துவிட்டது என்பதற்காக மட்டும் பிறர் பொருள் தன் பொருளாகிவிடாது என்ற கருத்து அதில் உறுதியாக நிற்கிறது.

யூத மரபில் இந்த ஆராய்ச்சி வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது. மிஷ்னா என்ற பழைய சட்டத் தொகுப்பின் பாபா பத்ரா என்ற பகுதி, ஒருவர் மூன்று ஆண்டுகள் தடையின்றி ஒரு வீட்டில் இருந்தால் அதை அவருக்கு ஆதாரமாக ஏற்கிறது. ஆனால் வெறும் இருப்பு போதாது. என் இடத்தில் நீ என்ன செய்கிறாய் என்று கேட்டால், இதுவரை யாரும் எதுவும் சொல்லவில்லை என்று பதில் சொல்பவருக்கு உரிமை இல்லை. நீ விற்றாய், உன் தந்தை கொடுத்தார் என்று முறையான வழி ஒன்றைச் சொல்பவருக்கே மூன்று ஆண்டு அனுபவம் துணை நிற்கும். இங்கே அனுபவம் தொலைந்த பத்திரத்துக்குச் சாட்சி; புதிய உரிமையைப் படைக்கும் கருவி அல்ல. யூதேயாவில் இருப்பவரின் சொத்தைக் கலிலேயாவில் இருப்பவர் அனுபவித்தால் அது கணக்கில் வராது என்ற விதியும் உண்டு. போக்குவரத்து அற்றுப்போகும் கலவரக் காலத்தை எண்ணி வகுத்த விதி அது என்று மிஷ்னாவை விரித்துரைக்கும் தால்முத் விளக்குகிறது. வந்து ஆட்சேபிக்க வழியில்லாதவரின் மௌனத்தை அவருக்கு எதிராக எண்ணக் கூடாது.

உரிமையாளருக்குத் தெரியாமல் காலி வீட்டில் குடியிருந்தவர் வாடகை தர வேண்டுமா என்பதையும் தால்முத்தின் பாபா கம்மா என்ற பகுதியில் அறிஞர்கள் விவாதித்தனர். தர வேண்டாம் என்றவர்கள் இரண்டு காரணம் காட்டினர். ஆளில்லாத வீட்டைப் பாழ்படுத்தும் தீய சக்தி ஒன்று உண்டு, குடியிருப்பவரால் அது விலகுகிறது என்பது ஒன்று. ஆள் இருந்தால் பழுது உடனே கண்ணில் பட்டுச் சீராகிறது என்பது மற்றொன்று. விறகும் வைக்கோலும் போட்டுவைக்க உரிமையாளர் பயன்படுத்திய வீடு என்றால் இரண்டு காரணங்களும் இரண்டு விடை தரும் என்பதையும் அவர்கள் கண்டனர். ஆனால் விவாதம் முழுவதும் வாடகையைப் பற்றியது. குடியிருந்தவர் செய்த நன்மைக்கு மதிப்பு உண்டு. அந்த நன்மை வீட்டை அவருடையதாக்குவதில்லை.

ரோமானியச் சட்டம் பொது அமைதியை முன்வைத்தது. பன்னிரு பட்டயங்கள் என்ற பழைய சட்டத்தில் நிலத்தை 2 ஆண்டு அனுபவித்தாலே உரிமை கிடைத்தது. பேரரசர் ஜஸ்டினியன் காலத்தில் அது 10 ஆண்டாகவும், உரிமையாளர் வேறு மாகாணத்தில் இருந்தால் 20 ஆண்டாகவும் நீண்டது. அனுபவிப்பவர் தொடங்கும்போது நல்லெண்ணத்தோடு தொடங்கியிருக்க வேண்டும் என்பது விதி. கத்தோலிக்கத் திருச்சபை இதில் நிறைவு காணவில்லை. 1215 ஆம் ஆண்டின் நான்காம் லாத்தரன் சங்கம், அந்த நல்லெண்ணம் முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை நீடிக்க வேண்டும் என்று தீர்மானித்தது. இது பிறருடையது என்று நடுவில் தெரிந்த பிறகும் வைத்திருப்பவருக்குக் காலம் துணை செய்யாது.

இஸ்லாமிய நெறியில் தரிசு நிலத்துக்கு உயிர் கொடுத்தவருக்கே அந்த நிலம் என்ற கொள்கை உண்டு. உடைமையாளர் இல்லாத நிலத்துக்கே அது பொருந்தும். உடைமையாளர் உள்ள சொத்தைப் பற்றி, 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட உதுமானியச் சட்டத் தொகுப்பான மெஜெல்லே மிகத் தெளிவாகப் பேசுகிறது. 15 ஆண்டு கடந்த வழக்கை நீதிமன்றம் கேட்காது என்கிறது 1660 ஆம் பிரிவு. காலம் கடந்ததால் உரிமை அழிவதில்லை என்கிறது 1674 ஆம் பிரிவு. எதிராளியே உண்மையை ஒப்புக்கொண்டால், எத்தனை ஆண்டு கழித்தும் பொருள் உரியவருக்குப் போக வேண்டும். வழக்கு முடிந்த பின்பும் மனச்சாட்சியின் கதவு திறந்தே இருக்கிறது.

ஐரோப்பிய மெய்யியலில் ஜான் லாக் உழைப்பை உரிமையின் ஊற்றாகக் கண்டார். பொதுவாகக் கிடக்கும் பொருளோடு உழைப்பைக் கலப்பவர் அதைத் தமதாக்குகிறார். வேலியிட்ட நிலத்திலும் விளைச்சல் அழுகினால், ஆதி நிலையில் அந்த இடம் பிறர் எடுத்துக்கொள்ளத் தக்கது என்றும் அவர் எழுதினார். கைவிடப்பட்ட வீட்டில் குடியேறுபவருக்கு இதைவிட வலுவான வாதம் இல்லை. ஆனால் அந்த வீட்டின் ஒவ்வொரு கல்லிலும் முன்பே ஒருவரின் உழைப்பு கலந்திருக்கிறது. பின்னால் வந்தவரின் உழைப்புக்கு ஈடு கொடுக்கலாம்; முன்னவரின் உழைப்பை அதனால் அழிக்க முடியாது. டேவிட் ஹியூம் வேறு வழியில் சென்றார். சொத்துரிமை சமூக அமைதிக்காக மனிதர் வகுத்துக்கொண்ட ஏற்பாடு. காலம் பொருளில் எதையும் மாற்றுவதில்லை, மனிதரின் எண்ணத்தையே மாற்றுகிறது என்றார்.

இந்தியாவின் 1963 ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் ஹியூமின் பக்கம் நிற்கிறது. தனியார் சொத்தை 12 ஆண்டு, அரசு சொத்தை 30 ஆண்டு வெளிப்படையாகவும் இடைவிடாமலும் உரிமையாளருக்கு எதிராகவும் அனுபவித்தால் அவருடைய உரிமை அழிகிறது. இதை எதிரிடை அனுபவம் என்பார்கள். வாடகைதாரரும் காவலுக்கு வைக்கப்பட்டவரும் அனுமதியோடு இருப்பவர்கள் என்பதால் இது அவர்களுக்குப் பொருந்தாது. லாத்தரன் சங்கம் கேட்ட நல்லெண்ணத்தை இந்தச் சட்டம் கேட்கவில்லை. உண்மையான உரிமையாளர் யாரென்று தெரியாதவர் அவருக்கு எதிராக அனுபவித்ததாகச் சொல்லவே முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2006 இல் கூறியது. இன்னாருடையது என்று அறிந்தே பிடித்து வைத்தவர் வெல்கிறார். அறியாமல் நம்பி வாழ்ந்தவர் தோற்கிறார். இந்த விதியை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று அதே நீதிமன்றம் 2008 இல் அரசைக் கேட்டுக்கொண்டது. ஆனால் 2019 இல், இந்த அடிப்படையில் அனுபவிப்பவர் தாமே வழக்குத் தொடுத்து உரிமை கோரலாம் என்று தீர்ப்பளித்தது. வாரிசே இல்லாத சொத்து, அரசியலமைப்பின் 296 ஆம் பிரிவுப்படி அரசைச் சேரும்.

இலங்கையில் 1871 ஆம் ஆண்டின் சட்டம் 10 ஆண்டு அனுபவத்தை ஏற்கிறது. வடக்கிலும் கிழக்கிலும் போரால் ஓடியவர்களின் வீடுகள் பல ஆண்டுகள் பிறர் கையில் இருந்தன. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் தங்கள் வீடுகளைத் துறந்து போனவர்கள் அல்லர். போரால் வர இயலாதவர்களுக்காக, 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தை அனுபவக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று 2016 இல் தனிச்சட்டம் வந்தது. யூதேயாவையும் கலிலேயாவையும் பற்றிய அந்தப் பழைய விதியின் நியாயம் இதிலும் இருக்கிறது.

ஆகவே உரியவரைத் தேடுவது வெறும் அலுவல் வேலை அல்ல. உரியவர் தெரியாத பொருளை அரசன் மூன்று ஆண்டு காத்துவைத்து, அடையாளம் சொல்லி வருபவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று மனு நூல் சொன்ன கடமை இன்று தேடுபவரின் தலையில் இருக்கிறது. சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று, பட்டா, வீட்டு வரிப் பதிவு, அக்கம்பக்கத்தாரின் நினைவு என்று தடயங்கள் உண்டு. செட்டிநாட்டு வீடுகள் போல ஒரே வீட்டுக்குப் பல பங்காளிகள் இருக்கும் இடத்தில் ஒருவரைக் கண்டால் போதாது. ஒரு பங்காளியின் அனுபவத்தை எல்லாருக்குமான அனுபவமாகவே சட்டம் எண்ணுகிறது. உரியவர் கிடைத்தால் விலை பேசலாம், குத்தகை கேட்கலாம், செய்த செலவுக்கு ஈடு கேட்கலாம்.

மரபுகளின் விடைகள் வேறுபட்டாலும் மூன்று இடங்களில் கூடுகின்றன. வீட்டைக் காத்தவரின் உழைப்புக்கு மதிப்பு உண்டு. அறிந்தும் வாளாவிருந்த உரிமையாளர் தம் வழக்கைத் தாமே பலவீனப்படுத்துகிறார். அறியாதவரின், வர இயலாதவரின் மௌனம் சம்மதம் ஆகாது. சட்டம் குறித்த ஆண்டு முடிந்ததும் வழக்கு முடிகிறது. வீட்டுக்கு உரியவர் இன்னார் என்று தெரிந்தே அதில் வாழ்பவருக்கு, அவரிடம் சொல்ல வேண்டிய கடன் அதற்குப் பிறகும் மீதி இருக்கிறது.