தண்ணீர் போதுமானதாக உள்ளது

என் எம்.ஃபில். ஆய்வேட்டில் இப்படி ஒரு வரி இருக்கிறது: ‘பணியிடத்தில் வழங்கப்படும் குடிநீர் போதுமானதாக உள்ளது எனப் பெரும்பான்மையான பெண் தொழிலாளர்கள் கருதுகின்றனர்.’ எழுதியது நான்தான். வரிக்குக் கீழே அட்டவணை இருக்கிறது, சதவீதம் இருக்கிறது, கை ஸ்கொயர் சோதனை இருக்கிறது. கூட்டல் கழித்தலில் பிழை கிடையாது. பதில் சொன்ன பெண்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் சொன்னதை நானும் மாற்றி எழுதவில்லை. ஆனாலும் அந்த வரி உண்மையில்லை. கணக்கெல்லாம் சரியாக இருந்தும் ஒரு பொய் எப்படி அச்சாகிறது, அதற்கு யார் பொறுப்பு என்கிற கேள்வி சில வருடங்களாக என்னை விடவில்லை.

நான் போடிநாயக்கனூர்க்காரன். எங்கள் ஊரை ஏலக்காய் நகரம் என்பார்கள். ஆனால் ஊருக்குள் ஏலச்செடி கிடையாது. தமிழ்நாட்டுப் பக்கத்துச் சரிவுகளில் கொஞ்சம் உண்டு. பெரும்பகுதி போடிமெட்டு தாண்டி, கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில். காய் மேலே விளையும். ஏலம் மேலே புற்றடியிலும் கீழே போடியிலும் நடக்கும். 2007-லிருந்து ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம். வியாபாரிகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, மாதிரிக் காயைக் கையில் உருட்டிப் பார்த்து, பட்டனைத் தட்டுவார்கள். காய் எடுக்கும் கைகளில் நிறைய எங்கள் பக்கத்துக் கைகள். போடி, தேவாரம், கம்பம் வட்டாரத்து ஊர்களிலிருந்து விடியும் முன்பே ஜீப்புகள் மலையேறும். பொழுது சாயும்போது இறங்கும். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் சட்டத்துக்குத் தலை சுற்றும்.

2019 கடைசியில் நான் ஆய்வுக்கு இறங்கினேன். தலைப்பு, ‘ஏலக்காய்த் தொழில் எதிர்கொள்ளும் சவால்கள்’. கைடு சொன்னார்: “மூணா பிரிச்சுக்கப்பா. வணிகம், பணிச்சூழல், நீர் மேலாண்மை. தனித்தனி அத்தியாயம். அப்பத்தான் வைவாவுல யாரும் குழப்ப மாட்டாங்க.” எனக்கும் அது வசதியாகத்தான் பட்டது.

வணிகம் சுலபமாக முடிந்தது. வியாபாரிகள் பேசப் பிரியப்பட்டார்கள். முந்தைய வருடம் வெள்ளம் மலையைப் புரட்டிப் போட்டிருந்தது. அதன் பிறகு 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாயைத் தொட்டிருந்தது. விலை ஏன் ஏறுகிறது, எப்போது இறங்கும், குவாத்தமாலாக் காய் உலகச் சந்தையில் நம்மை என்ன செய்கிறது என்று டீ வாங்கிக் கொடுத்து விளக்கினார்கள். தண்ணீர் அத்தியாயத்துக்குத் தோட்டக்காரர்கள் கிடைத்தார்கள். ஏலச்செடிக்கு வெயிலும் ஆகாது, தண்ணீர் தேங்கினாலும் ஆகாது. நிழல் வேண்டும், மண்ணில் ஈரம் வேண்டும். கோடை மழை ஏய்த்தால் சரம் காய்ந்துவிடும். அதற்காகச் சரிவில் குழி வெட்டி, பிளாஸ்டிக் படுதா விரித்து, மழைநீரைத் தேக்கி வைக்கிறார்கள். படுதாக் குளம் என்று பெயர். எத்தனை நாளைக்கு ஒரு தடவை, எந்த நேரத்தில், எவ்வளவு பாய்ச்சினால் செடி தாங்கும் என்று அவர்களுக்கு மனப்பாடம். மயிலாடும்பாறையில் இதற்கென்றே ஸ்பைசஸ் போர்டின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

நடு அத்தியாயம்தான் இந்தக் கட்டுரை.

தெரிந்தவர் மூலமாக ஒரு தோட்டத்தில் அனுமதி கிடைத்தது. மதியச் சாப்பாட்டு நேரம். இடுப்பில் கட்டியிருந்த பையை அவிழ்த்துவிட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். சூப்பர்வைசர் பக்கத்திலேயே நின்றார், அவருக்கும் வேடிக்கை. முதலில் உட்கார்ந்த அக்காவுக்கு நாற்பது வயது இருக்கும். என் ஃபாரத்தில் வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டங்கள்: முழுமையாக ஒத்துக்கொள்கிறேன் என்பதிலிருந்து முழுமையாக மறுக்கிறேன் வரை. 1932-ல் ரென்சிஸ் லைக்கர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் மனிதர்களின் மனப்பாங்கை அளக்கக் கண்டுபிடித்த முறை. அந்த அக்கா இரண்டு வாக்கியம் கேட்டுவிட்டுச் சிரித்தார். “எல்லாத்துக்கும் ஒத்துக்கிறேன்னே போட்டுக்க தம்பி.”

அப்படிப் போடக்கூடாது என்று பொறுமையாக விளக்கினேன். குடிநீர்க் கேள்வி வந்தது. “தண்ணிக்கெல்லாம் ஒரு கொறையும் இல்லப்பா. அந்தா, கேன் நெறைய வச்சிருக்காக பாரு” என்று கை காட்டினார். பார்த்தேன். கேன் இருந்தது. தளும்பத் தளும்ப இருந்தது. சொன்னதைக் கண்ணாலும் சரிபார்த்துவிட்ட திருப்தியில் கட்டத்தில் டிக் அடித்தேன்.

எல்லாம் முடிந்து எழுந்தபோது அவர் ஒன்று கேட்டார். “இத எழுதி என்ன தம்பி பண்ணுவாக?”

“கவர்மெண்டுக்குப் போகும்க்கா. ஏதாவது நல்லது நடக்கும்.”

அடுத்த மார்ச்சில் ஊரடங்கு வந்தது. எல்லை மூடி, ஜீப்புகள் நின்றன. நான் வீட்டில் உட்கார்ந்து ஆய்வேட்டைத் தட்டச்சு செய்தேன். எதையும் சத்தமாகப் படித்துப் பார்ப்பது என் பழக்கம். அம்மா கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாகச் சில வருடங்கள் மலைக்குப் போனவள். அந்த வரியைப் படித்ததும் அரிவாள்மனையிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

“தண்ணி போதுமான்னா கேட்ட?”

“ஆமா.”

“குடிச்சீங்களான்னு கேட்டியா?”

எனக்குப் புரியவில்லை. அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு காயைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “எங்கிட்டுடா ஒதுங்கறது? கங்காணி நிப்பாரு, மருந்தடிக்கிற ஆம்பளைக நிப்பாக, கீழ பூரா அட்ட. வரையில ஜீப்புல நெருக்கிக்கிட்டு வேற வரணும். காலையில எந்திரிச்சதுலருந்து நாக்க நனைக்கிறதோட சரி. வீட்டுக்கு வந்துதான் சொம்பத் தூக்குறது. நீர்க்கடுப்பெல்லாம் எங்களுக்குச் சளி புடிக்கிற மாதிரி.”

மத்தியானம் ஒரு மணிக்கு, காலையிலிருந்து இத்தனை பேர் வேலை செய்த இடத்தில், கேன் ஏன் தளும்பிக்கொண்டிருந்தது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

*

இதில் என் தவறு என்ன என்று எனக்கு நானே வழக்காடிப் பார்த்திருக்கிறேன்.

முதல் வாதம்: அவர் சொன்னதைத்தான் எழுதினேன். உண்மைதான். அமர்த்தியா சென் 1985-ல் வெளியான ஒரு நூலில் ஒரு பழைய சர்வேயைப் பற்றிப் பேசுகிறார். வங்கப் பஞ்சத்துக்கு அடுத்த வருடம், 1944-ல், கல்கத்தாவுக்குப் பக்கத்தில் சிங்கூரில் எடுத்தது. மனைவியை இழந்த ஆண்களில் 48.5 சதவீதம் பேர் தங்களுக்கு உடம்பு சரியில்லை அல்லது சுமார் என்றார்கள். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 2.5 சதவீதம்தான். வங்கத்தில் விதவைகளின் நிலை தெரிந்த யாரும் அவர்கள் ஆரோக்கியமாக இருந்தார்கள் என்று நம்ப மாட்டார்கள். ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்வதை மட்டும் வைத்து அவர் வாழ்க்கையை அளக்க முடியாது என்பதற்குச் சென் இதைக் காட்டுகிறார். குறை பழகிவிட்டால் குறையாகத் தெரியாது.

நீண்ட நாள் இதில் ஆறுதல் தேடினேன். அந்த அக்காவுக்கும் பழகிப்போயிருக்கும், அதனால் சொல்லவில்லை என்று. இப்போது அப்படித் தோன்றவில்லை. அவருக்கு எல்லாம் தெரியும். எத்தனை மணிக்கு எத்தனை மடக்கு குடித்தால் எவ்வளவு நேரம் தாங்கும் என்று அவர் உடம்புக்குக் கணக்குத் தெரியும். நான் கேட்டது கேனைப் பற்றி. கேனைப் பற்றி அவர் சரியாகவே பதில் சொன்னார். கேட்கத் தெரியாதவன் நான்.

இரண்டாவது வாதம்தான் கனமானது: அதைக் கேட்டிருக்கவே முடியாது. இருபத்துமூன்று வயதுப் பையன், சூப்பர்வைசர் நிற்கும்போது, ‘எங்கே ஒதுங்குவீர்கள்’ என்று ஒரு பெண்ணிடம் கேட்பதா? அது ஆராய்ச்சியில்லை, அநாகரிகம். ஒருவர் சொல்லாமல் வைத்திருப்பதைத் தோண்டாமல் விடுவதும் மரியாதைதானே?

இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் ஒன்று கவனித்தேன். அந்தக் கூச்சத்தால் செலவு மிச்சமானது தோட்டத்துக்கு. கழிப்பிடம் கட்டவேண்டாம், நேரம் விடவேண்டாம், தண்ணீர்கூட அதிகம் தூக்கவேண்டாம். ஒரு மரியாதையின் முழுச் செலவையும் ஒரு தரப்பின் சிறுநீரகமே கட்டுகிறது என்றால், அந்த மரியாதையைச் சந்தேகப்பட வேண்டும் என்று நினைக்கிறேன். கூச்சம் உடைய வழியே இல்லையென்றும் சொல்ல முடியாது. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் ‘பெண்கூட்டு’ என்று ஒன்று சேர்ந்து முதலில் கேட்டது கழிப்பறை. அவர்களும் தண்ணீர் குடிக்காமல் நாளைக் கடத்தியவர்கள்தான். பிறகு உட்காரும் உரிமையைக் கேட்டார்கள். 2018-ல் கேரளம் அதற்காகக் கடைகள் சட்டத்தைத் திருத்தியது, 2021-ல் தமிழ்நாடும் திருத்தியது. அதை வெளியே கொண்டுவந்தது எந்தக் கேள்வித்தாளும் இல்லை. தங்களுக்குள் பேசிக்கொண்ட பெண்கள். நான் கேட்டிருக்க முடியாமல் இருக்கலாம். ஆனால் அம்மாவிடம் ஒரு வார்த்தை முன்கூட்டியே கேட்டிருக்க முடியும். ஃபாரத்தைப் பெண்ணொருத்தி கையில் கொடுத்திருக்க முடியும். கேட்க முடியாததைக் கேட்கவில்லை என்று ஒரு வரி எழுதியிருக்க முடியும். அதற்குப் பதிலாக ‘போதுமானதாக உள்ளது’ என்று எழுதினேன்.

மூன்றாவது வாதம்: மூன்று அத்தியாயமாகப் பிரித்தது முறைப்படிதானே? இங்கேதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. 1951-ல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் குடிநீர் 8-ஆவது பிரிவு. கழிப்பிடம் 9-ஆவது பிரிவு. சட்டம் எழுதியவர்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். (அந்தச் சட்டம் 5 ஹெக்டேரும் 15 தொழிலாளர்களும் உள்ள தோட்டங்களுக்குத்தான் பொருந்தியது. அதற்குக் கீழே உள்ள தோட்டங்கள் மலையில் ஏராளம்.) என் ஃபாரத்தில் குடிநீர் மட்டும் இருந்தது. நீர் மேலாண்மை அத்தியாயத்தில் செடியின் தாகம் பக்கம் பக்கமாக இருந்தது. காய் எடுப்பவரின் தாகம் அங்கே வரவில்லை; அது ‘பணிச்சூழல்’ ஆயிற்றே. விலை 7,000 ஆனது வணிக அத்தியாயத்தில் இருந்தது. அந்த விலைக்குப் போன காயை எடுத்தவர் அன்றைக்கு எத்தனை மடக்குக் குடித்தார் என்பது எந்த அத்தியாயத்திலும் இல்லை. அவருக்கு இது மூன்று சவால் கிடையாது, ஒரே நாள். ‘சவால்’ என்ற சொல்லும் ஒத்துழைத்தது. வறட்சி ஒரு சவால், ஆள் பற்றாக்குறை ஒரு சவால், விலைச் சரிவு ஒரு சவால். இடிமழை மாதிரி எல்லாம் வானத்திலிருந்து விழுகின்றன. யார் யாருக்கு என்ன செய்யவில்லை என்று அந்தச் சொல் கேட்பதே இல்லை.

எங்கள் மாவட்டத்துக்காரனுக்குத் தண்ணீரைப் பற்றிப் பேசச் சொல்லித்தர வேண்டாம். 1886-ல் போட்ட 999 வருட ஒப்பந்தம், 1895-ல் பென்னி குக் கட்டி முடித்த அணை, 2014 தீர்ப்பின் 142 அடி எல்லாம் டீக்கடையில் தெரியும். 2011 டிசம்பரில் அந்த அணைச் சண்டை முற்றியபோது மேலே தோட்டங்களில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் பல பயந்து மலையிறங்கி வந்தன. அடிக்கணக்கிலும் டி.எம்.சி. கணக்கிலும் தண்ணீர் பேசத் தெரிந்த எனக்கு, ஒரு சொம்புத் தண்ணீரைப் பற்றிக் கேட்கத் தெரியாமல் போனது. நீர் மேலாண்மை என்று நான் அத்தியாயம் எழுதிக்கொண்டிருந்த நாட்களில், அதை உண்மையில் செய்துகொண்டிருந்தவர் அந்த அக்கா. விடியற்காலையிலிருந்து பொழுது சாயும்வரை, தன் உடம்புக்குள்.

*

இப்போது ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். பிராஜெக்ட்டுக்குக் கேள்வித்தாள் கொண்டுவரும் பிள்ளைகளிடம் ‘போதுமா’ என்ற சொல்லை அடித்துவிட்டு, ‘இன்றைக்குக் கடைசியாக எப்போது குடித்தீர்கள்’ என்று மாற்றச் சொல்கிறேன். சிலர் மாற்றுகிறார்கள். சிலர் முந்தைய வருட ஆய்வேட்டைப் பார்த்து அப்படியே எழுதிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். 2024 கோடையில் மலை கருகியபோது செடிகள் செத்ததைப் பற்றிய செய்திகளைத் தேடித் தேடிப் படித்தேன். காய் எடுக்கப் போகிறவர்கள் அந்த வெயிலில் என்ன செய்தார்கள் என்று தேடினேன். ஆள் கிடைக்கவில்லை என்ற செய்திதான் கண்ணில் பட்டது.

என் ஆய்வேடு பைண்டு செய்யப்பட்டு நூலகத்தில் இருக்கிறது. அந்த வரியை யாராவது மேற்கோள் காட்டலாம், அதை இன்னொருவர் எடுத்தாளலாம். தடுக்க எனக்கு வழி தெரியவில்லை.

யாரும் பொய் சொல்லவில்லை என்று தொடங்கினேன். அது சரியில்லை. ஒரு பொய் சொல்லப்பட்டது. அது அட்டவணைக்குள் வராது. “கவர்மெண்டுக்குப் போகும்க்கா” என்று நான் சொன்னது. எங்கேயும் போகாது என்று எனக்கு அப்போதே தெரியும். அவர் சாப்பாட்டு நேரத்தில் பாதியை எனக்குக் கொடுத்ததற்கு நான் கொடுத்த கூலி அது. அவருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். “சரி தம்பி” என்று பையை மறுபடி இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்து போனார். கேன் அப்படியே இருந்தது.