கூர்மையும் உண்மையும்

1991-ஆம் ஆண்டு ஜப்பானின் சேகா நிறுவனம் வெளியிட்ட ‘சோனிக்’ என்னும் வீடியோ விளையாட்டில் அருவிகள் உண்டு. வரைந்தோர் தீட்டியவை இடைவெளி விட்ட செங்குத்துக் கோடுகளே. அக்கால இணைப்புக் கம்பியும் படக்குழாய்த் தொலைக்காட்சியும் தந்த மங்கல், அவற்றைக் கலந்து ஊடுருவித் தெரியும் நீராக்கியது. இன்றைய திரைக்கெனப் படத்தைப் பெரிதாக்கும் கருவியைக் கூர்மையின் உச்சத்தில் வைத்தால், கோடுகள் பிழையின்றித் தெரிகின்றன, அருவி மறைந்துவிடுகிறது.

எது நேர்மை? கையின் கோட்டைக் காட்டுவதா, கருத்தின் நீரைக் காட்டுவதா? ஆக்கிய விதத்தை ஆராய்பவருக்குக் கோடுகள் வேண்டும். ஆக்கியவர் தர விரும்பியதைப் பெற விழைபவரோ மங்கலைச் சற்றே கூட்டத்தான் வேண்டும். மிகுதியாகக் கூட்டினால் திரையின் எண்களும் கரைந்துபோகும். முன்னோர் விட்டுச்சென்ற சொல்லைக் காப்போரும் இதை எண்ணிப்பார்க்கலாம்: எழுத்துப் பிசகாமல் காத்தும், பொருளை இழந்துவிடக்கூடும்.