எண்ணத்தைத் திருட முடியுமா?

கடையில் வைத்த துணிக்கட்டு ஒன்றை ஒருவன் தூக்கிக்கொண்டு போனால் அது திருட்டு என்று சொல்ல நாம் எந்த ஆலிமிடமும் போக வேண்டியதில்லை. கட்டு இருந்த இடம் காலியாகக் கிடக்கிறது. பேரேட்டிலும் அந்த அளவு குறைகிறது. ஆனால் ஒருவன் நம் கடைக்கு வந்து, நாம் துணியை மடித்து அடுக்கியிருக்கும் முறையைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போய்த் தன் கடையிலும் அவ்வாறே அடுக்கினால்? நம் அடுக்கு அப்படியே இருக்கிறது. ஒரு முழமும் குறையவில்லை. ஆயினும் மனம் மட்டும், "நம்முடையதை எடுத்துக்கொண்டான்" என்று குமுறுகிறது. இந்தக் குமுறல் நியாயமா, அல்லது வெறும் பொறாமையா? இதை விளையாட்டுக் கேள்வியென்று தள்ளிவிட முடியாது. இந்த ஒரு கேள்வியின் மேல் இன்று கோடிக்கணக்கான டாலர்கள் கைமாறுகின்றன. நம் வியாபார அன்பர்களில் பலர் கைத்தொலைபேசியும், சார்ஜரும், தம்ப் டிரைவும் விற்கிறவர்களாதலால் நம்முடைய பணமும் அதில் சிக்கியிருக்கிறது.

பேட்டண்ட் என்பதைக் காப்புரிமை என்று எழுதுகிறார்கள். அதன் சாரம் ஒரு பேரம்தான். புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவன் அதைச் செய்யும் விதத்தை ஒளிக்காமல் சர்க்காரிடம் எழுதிக் கொடுக்கிறான். சர்க்கார் அதை எல்லோரும் படிக்கும்படி வெளியிடுகிறது. அதற்கு ஈடாக, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடம் அவன் அனுமதியின்றி அந்நாட்டில் வேறெவரும் அதைச் செய்யவோ, விற்கவோ, இறக்குமதி செய்யவோ கூடாது. கெடு முடிந்தால் அது ஊர்ச்சொத்து. முற்காலத்தில் இங்கிலாந்து அரசர்கள் உப்பு, சீட்டுக்கட்டு போன்றவற்றுக்குக்கூடத் தங்களுக்கு வேண்டியவர்களிடம் ஏகபோகத்தைத் தூக்கிக் கொடுத்து வந்தனர். 1624-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த அநியாயத்தை நிறுத்தியது. புதுக் கண்டுபிடிப்புக்கு மட்டும் 14 வருடம் விட்டுக்கொடுத்தது. ஆக, ஏகபோகம் கெட்டது என்பதே பொது விதி. பேட்டண்ட் அதற்கு ஒரு விலக்கு. இதை அன்பர்கள் நினைவில் வைக்க வேண்டுகிறோம்.

நிற்க. நம் சிங்கப்பூரில் நடந்ததையே பார்ப்போம். ட்ரெக் 2000 என்னும் சிங்கப்பூர்க் கம்பெனி 2000-ஆம் ஆண்டு ஜெர்மனியில் ஹனோவர் கண்காட்சியில் ஒரு சிறு பொருளைக் கொண்டுபோய் வைத்தது. கட்டைவிரல் அளவே இருக்கும்; கணினியில் செருகினால் தஸ்தாவேஜுகளைச் சேமித்துக்கொள்ளும். தம்ப் டிரைவ் என்பது அவர்கள் அதற்கு வைத்த வியாபாரப் பெயர். இன்று அதுவே பொதுப்பெயராகிவிட்டது. அதைப் போன்ற பொருளைச் செய்த எம்-சிஸ்டம்ஸ் என்னும் இஸ்ரேல் கம்பெனி மீது வழக்குப் போட்டார்கள். செய்தவரோடு, இங்கே விற்றவர்களும் பிரதிவாதிகளாக நிற்க நேர்ந்தது. 2005-இல் சிங்கப்பூர் உயர்நீதிமன்றம் ட்ரெக் பக்கம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆனால் பிரிட்டனிலோ, ட்ரெக்கின் பேட்டண்ட் ரத்தாகிவிட்டது.

இதைப் படித்தபோது நமக்குத் தோன்றியது இதுதான்: துணிக்கட்டைத் திருடுவது சிங்கப்பூரிலும் திருட்டு, லண்டனிலும் திருட்டு, நடுக்கடலில் கப்பலிலும் திருட்டு. ஒரே பொருளைச் செய்து விற்பது இக்கரையில் குற்றமாகவும் அக்கரையில் குற்றமற்றதாகவும் இருக்குமானால், அதைத் துணிக்கட்டுத் திருட்டோடு ஒரே தட்டில் வைத்து நிறுக்க முடியுமா?

நாம் மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் படித்த படிப்போடு கடைக்கு வந்தவர்கள். ஆயினும் கிதாபில் ஓதிய ஒரு மஸ்அலா இங்கே நினைவுக்கு வருகிறது. 'மால்' என்றால் என்ன? எடுத்துச் சேமித்து வைக்கக்கூடிய பொருளே மால் என்றனர் முற்கால ஹனபி இமாம்கள். ஷாபி மத்ஹபிலோ ஒன்றின் பயனும் மாலாகவே கணக்கிடப்படுகிறது. வீடு மட்டுமின்றி, அந்த வீட்டில் குடியிருக்கும் பயனும் சொத்துதான். நம் ஜமாஅத்தில் இரு சாராரும் இருப்பதால் இந்த விவாதம் நமக்குப் புதிதன்று. 1988-இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, வியாபாரப் பெயர், நூலுரிமை, கண்டுபிடிப்புரிமை ஆகியவை விலைமதிப்புள்ள உரிமைகளே, அவற்றில் கைவைப்பது கூடாது என்று முடிவு கூறியது. நாமும் அம்முடிவுக்குத் தலைவணங்குகிறோம். ஆனால் உரிமை உண்டு என்பது வேறு. அந்த உரிமை எவ்வளவு நீளம் என்பது வேறு. கோர்ட்டுகளில் சண்டை நடப்பதெல்லாம் இந்த நீளத்தைப் பற்றித்தான்.

ஆப்பிள் கம்பெனி சாம்சங் மீது 2011 ஏப்ரலில் கலிபோர்னியாவில் தொடுத்த வழக்கு இதற்கு நல்ல உதாரணம். ஓரம் வளைந்த முகப்பு, வரிசையாக அடுக்கிய சிறு படங்கள், பட்டியலின் கடைசிக்குப் போனதும் திரை துள்ளித் திரும்புவது இவற்றையெல்லாம் சாம்சங் காப்பியடித்தது என்பது புகார். 2012 ஆகஸ்டில் ஜூரிகள் சுமார் 105 கோடி டாலர் கொடுக்கச் சொன்னார்கள். அத்தொகை பிறகு பலமுறை வெட்டப்பட்டது.

எதற்காக இவ்வளவு பெரிய தொகை? அதற்குக் காரணம் ஒரு கம்பளக் கதை. ஜவுளிக்கார அன்பர்களுக்கு இது ருசிக்கும். அமெரிக்காவில் ஒரு கம்பள வியாபாரியின் பூவேலைச் சித்திரத்தை மற்றொருவர் பார்த்து நெய்துவிட்டார். வழக்கு 1885-இல் உச்ச நீதிமன்றம் போயிற்று. லாபம் வந்தது சித்திரத்தாலா, கம்பளியின் தரத்தாலா, நெசவின் நேர்த்தியாலா என்று வாதி பிரித்துக் காட்டவில்லை. ஆகவே நஷ்டஈடு ஆறு சென்ட்! பெரும் வழக்காடி ஆறு சென்ட் வாங்கிப் போன கொடுமையைப் பார்த்து, 1887-இல் சட்டம் செய்தார்கள்: வடிவத்தைக் காப்பியடித்தவன் அந்தப் பொருளில் பெற்ற முழு லாபத்தையும் கொடுக்க வேண்டும் என்று. கம்பளத்துக்கு இது ஒருவாறு பொருந்தும். பூவைப் பார்த்துத்தானே கம்பளம் வாங்குகிறோம். ஆனால் ஒரு கைத்தொலைபேசிக்குள் எத்தனையோ பேருடைய வேலை இருக்கிறது. ஓரம் வளைந்திருக்கிறது என்பதற்காக முழுப் போனின் லாபத்தையும் கேட்பது, சட்டைப் பொத்தான் நம்முடையது என்று சட்டை முழுவதையும் உருவிக்கொள்வது போலன்றோ? 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் எட்டுப் பேரும் ஒருமனதாக, 'பொருள்' என்பது முழுப் போனாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, அதன் ஒரு பகுதியாகவும் இருக்கலாம் என்று சொல்லித் திருப்பி அனுப்பினர். அதன் பின்பும் 2018 மே மாதம் வேறு ஜூரிகள் சுமார் 53 கோடியே 90 லட்சம் டாலர் விதித்தார்கள். அதில் வேலை செய்யும் நுட்பங்களுக்குரியது ஏறக்குறைய 53 லட்சம்தான், மீதியெல்லாம் தோற்றத்துக்கு. அடுத்த மாதமே இருவரும் சமாதானமாகிவிட்டனர். இத்தனை வருடமும் ஆப்பிள் தன் போனுக்கு வேண்டிய உறுப்புகளைச் சாம்சங்கிடமிருந்தே கொள்முதல் செய்து வந்தது என்பது வேடிக்கை. கோர்ட்டில் எதிரி, கிடங்கில் கூட்டாளி. நம் கடைத்தெருவில் அண்ணன் தம்பிகளுக்குள்கூட இந்தச் சாமர்த்தியத்தைப் பார்த்ததில்லை!

இன்னொரு வகை உண்டு. பிளாக்பெர்ரி செய்த கனடாக் கம்பெனி, என்.டி.பி. என்னும் நிறுவனத்துக்கு 2006-இல் 61 கோடியே 25 லட்சம் டாலர் கொடுத்தது. என்.டி.பி. எந்தப் பொருளும் செய்து விற்றதில்லை. கையில் பேட்டண்ட் பத்திரங்கள் மட்டுமே. இதைச் சிலர் வழியில் வேலி போட்டுச் சுங்கம் வாங்கும் வேலை என்பார்கள். நாம் அவ்வளவு எளிதாகச் சொல்லமாட்டோம். அந்தப் பத்திரங்களுக்குப் பின்னால் தாமஸ் கம்பானா என்ற நிஜமான பொறியாளர் இருந்தார். 2004-இல், வழக்கு முடியுமுன்னே காலமானார். தொழிற்சாலை கட்ட முதல் இல்லாதவனுக்கு அறிவின் மேல் ஹக்கு இல்லை என்றால், ஏழையின் யோசனையெல்லாம் பணக்காரனுக்கு இலவசம் என்றாகும். ஆனால் வழக்குப் போடுவதற்கென்றே பத்திரங்களை மூட்டை மூட்டையாக வாங்கிச் சேர்ப்பவர் விஷயம் வேறு. டெக்சாஸில் மார்ஷல் என்ற சிற்றூரில் இத்தகைய வழக்குகள் வந்து குவிந்தன. கோர்ட்டுக்கு எதிரே ஊர்மக்களுக்குப் பனிச்சறுக்குத் தளம் அமைக்கச் சாம்சங் பணம் கொடுத்தது. ஊர்மக்கள்தானே ஜூரிகள்! வழக்கை நினைத்த ஊரில் போடுவதற்கு 2017-இல் உச்ச நீதிமன்றம் கட்டுப்பாடு விதித்தது.

மறுபுறம், வோல்வோ கம்பெனி 1959-இல் மூன்று முனைக் கார்ப் பட்டையைக் கொண்டுவந்தபோது, பேட்டண்ட் தன் கையில் இருந்தும், உயிர் காக்கும் பொருள் என்று எல்லாக் கம்பெனிகளும் செய்துகொள்ள விட்டுவிட்டது.

நம் கருத்து இதுதான். யோசனை துணிக்கட்டு அல்ல. அதன் மேலுள்ள உரிமை, ஊரார் சார்பில் சர்க்கார் கொடுத்த வாக்கு. அதனால்தான் வாக்குக் கொடுத்த நாட்டில் செல்லுகிறது, வாக்கு ரத்தான நாட்டில் செல்லவில்லை. வாக்கு இருக்கும் இடத்தில் தெரிந்தே மீறி விற்பவன் லாபம் நமக்குச் சுத்தமாகப் படவில்லை. "எண்ணத்தை எப்படித் திருட முடியும்" என்று தர்க்கம் பேசி அவன் தப்ப முடியாது. அதேபோல் வாக்கில் ஒரு முழம் கொடுத்திருக்க, ஒன்பது முழம் கேட்டுக் கோர்ட்டுக்கு வருபவனும் பிறர் பொருளுக்கு ஆசைப்படுகிறவனே.

தெரியாமல் விற்றவன் நிலை என்ன? சிங்கப்பூர்ச் சட்டம் இதில் இரக்கம் காட்டுகிறது. பேட்டண்ட் இருப்பது தெரியாது, தெரிந்துகொள்ள நியாயமான காரணமும் இல்லை என்று ஒருவன் நிரூபித்தால் அவனிடம் நஷ்டஈடு வாங்குவதில்லை. பெட்டியின் மேல் பேட்டண்ட் என்று வெறுமனே அச்சிட்டிருந்தால் போதாது, நம்பரும் இருக்க வேண்டும். ஆனால் வக்கீல் நோட்டீஸ் வந்து சேர்ந்த நாளோடு 'தெரியாது' என்ற வார்த்தை போய்விடுகிறது. அலமாரியில் இருநூறு சார்ஜர் மிச்சம் இருக்கிறது. ரொக்கம் கொடுத்து வாங்கிய சரக்கு. மொத்த வியாபாரி திருப்பி எடுக்க மறுக்கிறார். தமக்கும் தெரியாது என்கிறார். ஒருவேளை அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். வேறு நாட்டுக்கு, அந்த வாக்குச் செல்லாத இடத்துக்கு அனுப்பி விற்றுவிடலாம் என்று புத்தி சொல்பவர்களும் உண்டு. விற்றால் ஹலாலா? விற்காவிட்டால் அந்த நஷ்டம் யாருடைய கணக்கில் ஏறும்? சங்கத்திலுள்ள ஆலிம்கள் இதற்கு விவரமாகப் பதில் எழுதினால், நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கும் கடைக்காரர்களுக்குப் பேருதவியாக இருக்கும்.