அடுத்த டீம் தோக்கணும்னு முருகன்கிட்ட வேண்டலாமா?

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!

ஐபிஎல் சீசன் கடைசி வாரத்துக்கு வந்தாலே ஒரு கேள்வி வந்துடும். "நம்ம டீம் பிளேஆஃப் போகணும்னு முருகன்கிட்ட வேண்டலாமா? அதுக்காக அடுத்த டீம் தோக்கணும்னும் வேண்டலாமா?" சிரிச்சுட்டு விட்டுடுற கேள்வி இல்ல இது. நம்ம ஆசை எதுவரைக்கும் நியாயம்னு கேக்குற கேள்வி.

2024 மே 18-ஐ எடுத்துக்கோங்க. பெங்களூரு 218 ரன். சென்னை ஜெயிக்க 219 வேணும், ஆனா பிளேஆஃப் போக 201 எடுத்தாலே போதும். கடைசி ஓவர்ல 17 ரன் தேவை. முதல் பந்தில் தோனி சிக்ஸ். அடுத்த பந்தில் அவுட். ஸ்கோர் 191-ல நின்னுடுச்சு. ரெண்டு டீமுக்கும் 14 புள்ளி. நெட் ரன் ரேட்ல பெங்களூரு உள்ளே, நாம வெளியே. மயிலாப்பூர்ல எங்க வீட்டு ஹால்ல கொஞ்ச நேரம் யாருமே பேசல.

நாலு நாள் கழிச்சு வைகாசி விசாகம். அன்னைக்கு ராத்திரியே எலிமினேட்டர்ல பெங்களூரு ராஜஸ்தான்கிட்ட தோத்துச்சு. "பாத்தீங்களா, முருகன் கணக்கைத் தீர்த்துட்டான்"னு ஒரு நண்பர் துள்ளினார். எனக்கு அது ஒட்டல. ராஜஸ்தான் அடுத்த மேட்ச்ல ஐதராபாத்கிட்ட தோத்துச்சு. ஐதராபாத் ஃபைனல்ல, நம்ம சேப்பாக்கத்துலயே, கொல்கத்தாகிட்ட தோத்துச்சு. அப்போ இவங்க மேல எல்லாம் முருகனுக்கு என்ன கோபம்? பெங்களூருலயும் முருக பக்தர்கள் இருக்காங்க. அவங்க நெத்தியிலயும் அதே விபூதிதான்.

"ஒருத்தர் ஜெயிக்கணும்னா இன்னொருத்தர் தோத்துத்தானே ஆகணும்? ரெண்டு வேண்டுதலும் ஒண்ணுதானே?"ன்னு கேப்பீங்க. ரிசல்ட்ல ஒண்ணுதான். மனசுல ஒண்ணு இல்ல. "நம்ம பசங்க நல்லா ஆடணும்"னு நினைக்கிறப்போ நம்ம கண்ணு நம்ம ஆட்டத்து மேல இருக்கு. "அவன் கேட்ச்சை விடணும், அவனுக்கு அடிபடணும்"னு நினைக்கிறப்போ, நமக்கு ஒரு கெடுதலும் பண்ணாத ஒருத்தனோட உழைப்பு வீணாப் போகணும்னு கேக்குறோம். பிளேஆஃப் ரேஸ்ல இது இன்னும் வெட்டவெளிச்சம். நம்ம டீம் ஆடாத மேட்ச்லகூட யாராவது சரியணும்னு உக்காந்து பாக்குறோம்.

சூரசம்ஹாரத்தை நினைச்சுப் பாருங்க. சூரபத்மனை முருகன் இல்லாம ஆக்கிடல. மயிலாவும் சேவலாவும் ஆக்கி, ஒண்ணை வாகனமா, இன்னொண்ணைக் கொடியில வெச்சுக்கிட்டான். அசுரனுக்கே அந்த இடம்னா, நம்மளை எதிர்த்து ஒழுங்கா ஆடின டீமுக்கு நாம என்ன இடம் குடுக்கணும்?

சேப்பாக்கத்துக்கு இது புதுசு இல்ல. 1999 ஜனவரி 31, பாகிஸ்தானோட டெஸ்ட். சச்சின் 136 அடிச்சும் இந்தியா 12 ரன்ல தோத்துச்சு. மனசு உடைஞ்சுபோன அதே கூட்டம் எழுந்து நின்னு பாகிஸ்தான் டீமுக்குக் கைதட்டினது. அவங்களுக்கு இந்தியா மேல ஆசை குறைஞ்சுபோகல. ஆசை பெருசாத்தான் இருந்தது, வெறுப்புதான் இல்ல.

அதனால வேண்டலாமான்னு கேட்டா, தாராளமா வேண்டுங்கன்னுதான் சொல்வேன். அம்மாகிட்ட மனசுல இருக்கறதைச் சொல்ற மாதிரி சொல்லுங்க. ரெண்டு விஷயத்தை மட்டும் விட்டுடுங்க. ஒண்ணு, அடுத்தவனுக்குக் கெடுதல் கேக்குறது. இன்னொண்ணு, தோத்ததும் நம்ம ஆட்டக்காரங்களையே திட்டி ஸ்டேட்டஸ் போடுறது. அன்னைக்கு 22 பந்துல 42 எடுத்து கடைசி வரைக்கும் நின்னவர் ஜடேஜா. நெட் ரன் ரேட்ங்கிறது 14 மேட்ச்சோட கணக்கு. மார்ச் மாசம் விட்ட ரன்னும் அதுல இருக்கு. கடைசி ரெண்டு பந்து மேல மொத்தப் பழியையும் போடுறது நியாயமே இல்ல.

அடுத்த சீசன்ல பெசன்ட் நகர் அறுபடை வீடு கோயிலுக்குப் போறவங்க இப்படிக் கேட்டுப் பாருங்க: "முருகா, ரெண்டு பேரும் முழு பலத்தோட ஆடட்டும். எங்க பசங்க ஒரு ரன் கூட எடுக்கட்டும்." எதிர் டீம் ரசிகர் பக்கத்துல நின்னா, அவர் காதுபடவே கேக்கலாம்.

வேலும் மயிலும் துணை!